சிவப்பு முள் தெரியாத மதியம்

உங்கள் அறை மின்விசிறியில் பேரிங் தேய்ந்திருக்கிறது, ஐயா. இன்னும் ஒரு மாதம் ஓடும். அதற்குள் மாற்றச் சொல்லுங்கள்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள்.

கம்பி இழுக்கும் ஆலையில் இருபத்திரண்டு வருடமாக மின் பராமரிப்பு என் பொறுப்பு. அங்கே ஒரு பெரிய மோட்டார். அதை ஓட்டும் பேனலுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஆறு தைரிஸ்டர்கள். மின்சாரத்தை அளந்து விடுவது அவைதான். வேலையில் சூரப்புலி, உடம்போ பூஞ்சை. மின்சாரம் எகிறினால் கண் இமைப்பதற்குள் செத்துவிடும்.

அதற்கு இரண்டு காவல். மின்சாரம் நுழையும் வாசலில் பிரேக்கர். அது நிதானப் பேர்வழி; மோட்டார் சுமை தாங்காமல் திணறினால் யோசித்து விழும். தைரிஸ்டர்களை ஒட்டி மூன்று வேக ஃபியூஸ். ஷார்ட் ஆனால், பிரேக்கர் என்ன ஏது என்று விசாரிப்பதற்குள் இது தன்னையே கொளுத்திக்கொண்டு பக்கத்தில் இருப்பதைக் காப்பாற்றிவிடும். எது முந்த வேண்டும், எது பொறுக்க வேண்டும் என்று இரண்டையும் பொருத்தி வைப்பவன் நான்.

வேக ஃபியூஸ் எரிந்தால் தலையில் ஒரு சிவப்பு முள் வெளியே வரும். ஆலையில் எல்லாருக்கும் நான் சொல்லிக்கொடுத்த விதி இது: பிரேக்கர் விழுந்தால் பேனலைத் திறந்து பார்; சிவப்பு தெரிந்தால் தொடாதே, என்னைக் கூப்பிடு. தெரியாவிட்டால் கதவை மூடிவிட்டுப் பிரேக்கரைத் தூக்கு.

என் தங்கையின் கணவர் அங்கே ஷிப்ட் சூப்பர்வைசர். சிவப்பைப் பார்ப்பார்; கதவை மட்டும் மூடமாட்டார். மூடித் திறக்கும் நேரத்தில் பத்து மீட்டர் கம்பி இழுத்துவிடலாமாம். திறந்த பேனலுக்குள் முகத்தை நீட்டிக்கொண்டே கைப்பிடியைத் தூக்குவார். பன்னிரண்டு வருடம் சொல்லிப் பார்த்தேன். சிரிப்பார்.

நல்ல மனிதர்தான். என்னைக் கிண்டல் செய்யாமல் அவருக்குச் சோறு இறங்காது. நான் எதை மாட்டினாலும், எதைக் கழற்றினாலும் அதன்மேல் பேனாவால் தேதி போடுவேன். வீட்டில் பல்புக்கும் தேதி, கடிகார பேட்டரிக்கும் தேதி.

"நீங்க கல்யாணம் பண்ணிக்காதது நல்லதாப் போச்சு, மச்சான். பொண்டாட்டி முதுகுலயும் தேதி போட்டிருப்பீங்க" என்பார்.

தங்கைக்கு ஒன்பது வயதாகும்போது அப்பா அம்மா போய்விட்டார்கள். அப்போது எனக்குப் பத்தொன்பது. நான்தான் வளர்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகும் அவர்கள் இருவரும் என் வீட்டிலேயே இருந்தார்கள். அப்படித்தான் பொருத்தி வைத்திருந்தேன்.

ஒருநாள் சாப்பிடும்போது மாப்பிள்ளை சொன்னார். வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் கிளம்புகிறார்கள், ரயிலில் ஒன்பது மணி நேரம். நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அவதான் கேட்டா, மச்சான். கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்கணுமாம்."

தங்கை தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிக் கேட்டிருக்கமாட்டாள். எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆலைக்கு ஓய்வு. மூன்று வேக ஃபியூஸையும் கழற்றினேன். அதே அளவில், மெதுவாக எரியும் சாதாரண ஃபியூஸ் மாட்டினேன். அதற்குச் சிவப்பு முள் கிடையாது. பிரேக்கர் எவ்வளவு தாமதமாக விழ முடியுமோ, அவ்வளவு தாமதத்துக்குத் திருகி வைத்தேன். மோட்டாரில் சேரும் கரித்தூளை வாரவாரம் ஊதித் தள்ளுவேன். அந்த வாரம் ஊதவில்லை. ஷார்ட்டை நான் உண்டாக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கரித்தூள் சேர்ந்தால் அது தானாகவே வரும்.

ஒன்பதாம் நாள் வந்தது. மதியம் மூன்றே கால். பிரேக்கர் சாவகாசமாக விழுந்தது. அதற்குள் தைரிஸ்டர்கள் உள்ளுக்குள் செத்து, வெறும் இரும்புத்துண்டு மாதிரி ஆகியிருந்தன. வெளியே ஒன்றும் தெரியாது; பிரேக்கரை மறுபடி தூக்கினால் மொத்த மின்சாரமும் தடையில்லாமல் பாய்ந்து பேனல் வெடிக்கும். என் பட்டறையில் இண்டர்காம் அடித்தது.

"மச்சான், சிவப்பு இல்ல. தூக்கிடவா?"

"விதிப்படி செய்யுங்க, மாப்பிள்ளை."

கதவை மூடச் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடம் சொன்னது போதும் என்று நினைத்தேன்.

சத்தம் பட்டறைவரை கேட்டது. மேஜைமேல் இருந்த ஸ்க்ரூ டிரைவர் உருண்டு விழுந்தது. எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனேன். நிறையப் புகை. மாப்பிள்ளையை அவருடைய வாட்சை வைத்துத்தான் அடையாளம் சொன்னேன். ஆமாம், நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய பேனல், திறந்த கதவு என்று ஆலையில் எழுதி மூடிவிட்டார்கள். உள்ளே எல்லாம் கரிக்கட்டை. எந்த ஃபியூஸ் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? கழற்றிய மூன்றையும் வீட்டு அலமாரியில் வைத்திருந்தேன். நல்ல ஃபியூஸ், தூக்கிப்போட மனம் வரவில்லை. கை வழக்கப்படி ஒவ்வொன்றிலும் கழற்றிய தேதியைப் போட்டிருக்கிறது.

போன வாரம் தங்கை பல்பு தேடி அலமாரியைத் திறந்தாள். என் தேதியைப் படிக்க அவளுக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

"எரியாத ஃபியூஸ எதுக்கு கழட்டின, அண்ணா?"

அது ஒன்றுதான் கேட்டாள். மூன்று நாள் கழித்து அந்த ஃபியூஸ்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்திருக்கிறாள். எனக்கு வருத்தமில்லை. அவளுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அவளை ஊர் மாற்ற இனி யாரும் இல்லை. காவல் என்றால் அவ்வளவுதானே.

அந்த மூன்று நாளும் அவள் தன் அறைக் கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டாள். நான் வெளியே நின்று இழுத்துப் பார்ப்பேன், நன்றாக இறுகியிருக்கும். நிம்மதியாக இருந்தது, ஐயா. கதவை மூடு என்று இத்தனை வருடம் நான் சொன்னதை அந்த வீட்டில் அவளாவது கேட்டாள்.