நாலெழுத்துச் சேதியும் பதினாலு பெயரும்

ஏலக்காடு ஏறி இறங்கிய ஈரக்காலோடு முப்பத்து நான்கு ஆண்டுகள் எங்களோடு நடந்தவரே, எழுதும் எழுத்தில் பிசகாத பண்பே, எளியவர் பெயரையும் முழுமையாய் உச்சரிக்கும் உயர்வே, காரைக்கானல் எஸ்டேட் அலுவலகத்தின் மூத்த எழுத்தர் அன்னக்கொடி அம்மையாரே, வணக்கம்.

பணிநிறைவு நாளில் தங்களைப் புகழ்ந்து மடல் எழுதப்போகிறோம் என்றதும், "புகழ்ந்து எழுதுறதா இருந்தா அந்த மழைநாளு சோலியையும் சேத்து எழுதுங்க. இல்லாட்டி எனக்கு மடலே வேணாம்" என்று சொல்லிவிட்டீர்கள். தங்கள் சொல்லை நாங்கள் என்றைக்குத் தட்டினோம்? பின்னால் வந்து சேர்ந்த பிள்ளைகளும் அறியட்டும் என்று, அன்று நடந்ததை நடந்தபடியே இங்கே வைக்கிறோம்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஐப்பசி. போடியிலிருந்து வழக்கம்போல் காலையில் ஜீப்பு ஏறியது. ஓட்டுநர் முத்துப்பாண்டியையும் அம்மையாரையும் சேர்த்துப் பதினாலு பேர். போடிமெட்டைத் தாண்டி எஸ்டேட்டில் வந்து இறங்கியபோதுதான் சேதி வந்தது. அவர்கள் கடந்து வந்த வளைவில், கால்மணி நேரத்துக்குள் மலை சரிந்து சாலையை மூடிவிட்டது.

கீழே உள்ளவர்கள் பதறுவார்களே என்று அம்மையார் அலுவலக போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான பாறை மேல் ஏறினார். மலையடிவாரத்தில், முந்தலில் பலசரக்குக் கடை வைத்திருந்த மூசா பாய்க்குத்தான் எங்கள் சேதியெல்லாம் போகும். ஜீப்பு மாலையில் கிளம்பியதும் 'ஜீப் கான்' என்று அம்மையார் அனுப்புவார். பாய் அதை அவரவர் வீட்டில் சொல்லிவிடுவார். இன்றைக்கு 'ஆல் குட்', எல்லாரும் நலம் என்று அனுப்ப நினைத்தார்.

அது பித்தான் போன் காலம். ஒரு பித்தானில் மூன்று எழுத்து இருக்கும். நாலு, ஆறு, ஆறு, மூன்று என்று அமுக்கினால் எந்தச் சொல் என்று போனே ஊகித்துக்கொள்ளும். நலம் என்னும் 'குட்', வீடு என்னும் 'ஹோம்', போய்விட்டது என்னும் 'கான்', மூன்றுக்கும் அதே நாலு பித்தான்கள். மூன்றும் நாலெழுத்து, மூன்றிலும் இரண்டாம் எழுத்து ஓ. குட்டுக்கும் கானுக்கும் முதல் எழுத்தும் ஒன்றே. தினமும் 'கான்' அனுப்பிப் பழகிய போன், அன்றும் அதையே முன்னால் எடுத்து வைத்தது. மழை கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. அம்மையார் பார்க்காமல் அனுப்பிவிட்டார்.

பத்து மணிக்குத் தலையைத் துவட்டிக்கொண்டு, போன சேதியை எடுத்துப் பார்த்தார். 'ஆல் கான்', எல்லாரும் போய்விட்டார்கள் என்றிருந்தது. பாறைக்கு ஓடினார். செல்போன் கோபுரம் செத்திருந்தது, சிக்னல் கோடு ஒன்றுகூட எழவில்லை. மலை சரிந்தது கீழே எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அதற்குமேல் இந்தச் சேதி.

பழைய நடைபாதையில் இறங்கிவிடுவது என்று புடவையைத் தூக்கிச் செருகினார். முத்துப்பாண்டி மறித்தார்.

"அக்கா, பாத வழுக்கும். நான் வெரசாப் போயிச் சொல்லீட்டு வர்றேன்."

"தப்பா எழுதுனது நான், முத்து. நான்தான் போகணும்."

"அப்ப ரெண்டு பேரும் போவோம். உங்க பேச்ச நம்பாட்டியும் என் மூஞ்சியப் பாத்தா நம்புவாக."

மூன்றரை மணி நேரம் இறங்கினார்கள். அட்டை கடித்தது. இருமுறை விழுந்து அம்மையாரின் முழங்கால் கிழிந்தது.

முந்தலில் மூசா பாய் கடைவாசலில் கூட்டம் நின்றது. முத்துப்பாண்டியின் மனைவி கற்பகம் தரையில் உட்கார்ந்திருந்தார். கணவரைப் பார்த்ததும் எழவில்லை, அழவில்லை. கையை நீட்டி அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அம்மையாரை நிமிர்ந்து பார்த்து, "என்னத்த எழுதுனீக?" என்று கேட்டார்.

மூசா பாய்தான் முன்னால் வந்தார். "வாசிச்சுச் சொன்னவன் நான்தாம்மா. ஒரு நிமிசம் யோசிச்சிருக்கணும்."

"இல்ல பாய். எழுதுனது நான். பாக்காம அனுப்பிட்டேன்" என்றார் அம்மையார். பிறகு அங்கேயே நின்று, காலையில் ஜீப்பில் ஏறியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாய்ச் சொன்னார். வீரலட்சுமி. பாண்டியராஜ். திருப்பதி. ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஓரிடத்தில் மூச்சு வெளியேறியது.

பாண்டியராஜின் தாயார் சந்திரவல்லி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "பதிமூணுதானே ஆத்தா வருது? ஒண்ணு கொறையுதே" என்றார். கூட்டம் மறுபடி கலங்கியது. அம்மையார் முதலிலிருந்து சொன்னார். மீண்டும் பதிமூன்றே வந்தது. யாரை விட்டோம் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"தங்கச்சி," என்றார் மூசா பாய், "கொறையுற ஆளு நீதான். ஒன் பேர நீ சொல்லவே இல்ல."

அப்போதுதான் அம்மையார் அழுதார். கற்பகம் எழுந்து வந்து, கிழிந்த அவர் முழங்காலைத் தம் முந்தானையால் கட்டினார்.

அதன்பின் எங்கள் அலுவலகத்தில் 'எல்லாரும்' என்று ஒரு சேதியும் போனதில்லை. யார் வந்தாலும் போனாலும் பெயர் பெயராகத்தான் போகும். ஒரே பித்தான்களில் பிறக்கும் நாலெழுத்து இங்கிலீசுச் சொற்களை அம்மையார் தாளில் வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டினார். போன்கள் மாறி, தாள் பழுத்து, ஓரம் செல்லரித்த பிறகும் அதைக் கிழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. புதிதாய்ச் சேர்ந்த சிவரஞ்சனிகூட அதைப் படித்துவிட்டுத்தான் நாற்காலியில் அமர்ந்தார்.

அம்மையாரே, தவற்றை மறைக்காமல் மலையிறங்கிச் சொன்ன அந்த நடையைவிடப் பெரிய பெருமை எதையும் தங்கள் பணிக்காலத்தில் நாங்கள் காணவில்லை. தங்கள் முழங்கால் நோவு தணியட்டும், தூக்கம் நிறையட்டும், ஆண்டுகள் நீளட்டும். நாளைக் காலையும் ஜீப்பு தங்கள் தெரு வழியாகத்தான் வரும். ஹாரன் அடிக்காமல் தன்னால் கடக்க முடியாது என்கிறார் முத்துப்பாண்டி. தாங்கள் எழுந்து வர வேண்டாம், படுத்தபடியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்பு மாறாத,
காரைக்கானல் எஸ்டேட் அலுவலகத்தார், தோட்டத் தொழிலாளர்