ஒரே பெயரில் இரண்டு தொட்டில்கள்

கரையான்சாவடியில் அம்பத்தூர் பஸ்ஸில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"பேரு வெக்காததாலதான் அண்ணி, எம்புள்ள சாவக் கெடந்துச்சு," என்றாள் இளையவள், சத்தமாகவே.

"இன்னாடி சொல்ற?"

"கொறமாசத்துல பொறந்த ரெட்டைங்க. ஐசியூல ரெண்டு தொட்டில்லயும் 'செல்வி குழந்தை'ன்னு என் பேரத்தான் எழுதிகீறாங்க. பெரியவனோட மருந்த சின்னவனுக்கு ஏத்திட்டாங்க. மூச்சு நின்னுபோயி மிஷின் வெச்சாங்க."

"அய்யய்யோ! இப்போ?"

"பொழச்சிக்கினான். நேத்துதான் மிஷின எடுத்தாங்க. கேட்டா, பேரு ஒண்ணா இருந்ததால மாறிப்போச்சாம். ஒண்ணா எழுதினது யாரு, நானா?"

"நீ சும்மாவா வந்த?"

"அங்கயே பேரு வெச்சேன். பெரியவன் கதிரு, சின்னவன் முகிலன். ஒண்ணோட ஒண்ணு ஒட்டாத பேரா பாத்து வெச்சேன். கால்ல கட்டுற பட்டையில எழுதுற வரைக்கும் நகரல."

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னிக்காவது ஊட்ல படுத்திருக்கலாமே."

"எப்படிப் படுக்கறது? ஐசியூல எம்புள்ளைங்க பக்கத்துல இன்னொரு ரெட்டை கீது. அதுங்களுக்கும் பேரு இல்ல, அம்மாக்காரி இன்னும் கண்ணத் தொறக்கல. அதுங்க அப்பன புடிச்சு இன்னிக்கே எழுத வெக்கிறேன், பாரு."