கொக்கியில் மாட்டிய மணி

என் கணவருக்குத் தலையணை ஒருநாளும் சரியாக அமைந்ததில்லை. அன்று காலையும் மணியை அழுத்தி என்னை வரவழைத்து, "இது தலையணையா, செங்கல்லா?" என்றார். திருப்பி வைத்தேன். "இப்ப செங்கல்லோட மறுபக்கம்" என்றார்.

விசாரிக்க வந்திருக்கும் உங்களிடம் மறைக்க எனக்கு எதுவுமில்லை. முரண்டு பிடிக்கும் நோயாளிகளைச் சமாளிப்பது எப்படி என்று பயிற்சி நர்ஸுகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். சாப்பாட்டுத் தட்டை வீசியவர், டாக்டரின் சட்டையைப் பிடித்தவர் எல்லோரும் என்னிடம் பசுவாகியிருக்கிறார்கள். குரலைத் தாழ்த்த வேண்டும். எதிரே நிற்காமல் பக்கத்தில் உட்கார வேண்டும். "உங்களுக்குக் கஷ்டமா இருக்குன்னு புரியுது" என்று சொல்ல வேண்டும். உண்மையிலேயே புரிய வேண்டும் என்று கட்டாயமில்லை.

அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன். நான்தான் சொல்லி என் வார்டிலேயே போட்டுக்கொண்டேன். ஃபேன் வேகமாகச் சுற்றினால் மணி. பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விட்டால் மணி. "சிஸ்டர், உங்க வீட்டுக்காரர் கூப்பிடுறார்" என்று பயிற்சிப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஊரையே அடக்குகிறவளுக்கு வீட்டுக்காரர் அடங்கவில்லை என்றால் அவர்கள் என்ன பாடம் படிப்பார்கள்?

காரணமில்லாமல் மணி அடிப்பவருக்கு என் வார்டில் ஒரு வழி வைத்திருந்தேன். பொத்தானை வயரோடு சுருட்டி, கட்டிலுக்குப் பின்னால் சுவரில் இருக்கும் கொக்கியில் மாட்டிவிடுவது. தலையணை விவகாரம் முடிந்ததும் அதைச் செய்தேன்.

அவர் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் கிளம்பலாம். வார்டே சிரித்தது, காலில் கட்டுப் போட்டிருந்தவர்கூட "ரைட், ரைட்" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, புரியுது என்றேன்.

"ஆஸ்பத்திரிக் குரல்ல பேசாதடி. வீட்டுல திட்டுவியே, அந்த மாதிரி திட்டு. இந்தக் குரலைக் கேட்டா பயமா இருக்கு."

திட்டவில்லை. வேலை நேரத்தில் நான் யாரையும் திட்டுவதில்லை.

மதியம் வார்டு வாசலில் நின்று வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கையைத் தலைக்குப் பின்னால் நீட்டிக் கொக்கியைத் தேடினார்.

"சிஸ்டர், அவர் முகம் ஒரு மாதிரி இருக்கே" என்றாள் ஒரு பெண்.

"நம்மை வரவழைக்கிறதுக்குத்தான். இப்ப போனா அதுவே பழகிடும். அடுத்தது விசில், பாருங்க."

விரல்களை வாயில் வைத்தார். கன்னம் ஒடுங்கியது. சத்தம் வரவில்லை.

இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் கட்டி நுரையீரலை அடைக்கலாம் என்று நானே பாடம் நடத்தியிருக்கிறேன். ஓடுகிற பஸ்ஸைப் பின்படியிலிருந்து நிறுத்திய மனிதருக்கு ஒரு விசிலுக்குக்கூட மூச்சில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பிறகு தெரிந்துகொண்டதல்ல, அந்த நிமிடமே தெரியும். ஆனால் அத்தனை பெண்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தீங்களா, அடங்கிட்டார்" என்றேன்.

விரல்கள் வழுக்கி முகவாயில் வந்து நிற்கும்வரை பாடத்தை நடத்தினேன். அப்புறம்தான் போனேன். ஓடவில்லை, நடந்தேன். ஓடினால் மற்ற நோயாளிகள் பதறுவார்கள்.

அவர் முகத்தைப் பற்றிச் சொன்ன பெண் அன்று மாலை அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து, புரியுது என்றேன். அதனால்தான் அவள் உங்களிடம் வாயைத் திறக்கவில்லை.

முறையில் குறை சொல்ல எதுவுமில்லை. வீட்டில் இப்போது யாரையும் திட்ட வேண்டியதும் இல்லை. அந்த மணி அதே கொக்கியில்தான் தொங்குகிறது. நேற்று எடுத்து அழுத்திப் பார்த்தேன். நன்றாகத்தான் அடிக்கிறது.