ஒரே சத்தம்

பதுளைப் பக்கத்தில் பொலிஸ்காரனுக்குத் துவக்குப் பழக்குவதற்கு மழையை விடப் பெரிய இடைஞ்சல் தேயிலைதான். மழை எப்படியும் ஒரு நாள் நின்றுவிடும். தேயிலை நிற்காது; கொழுந்து விட்டுக்கொண்டே இருக்கும், அதைக் கிள்ளச் சனமும் மலையில் நின்றுகொண்டே இருக்கும். பிறகு சுடுவதற்கு இடம் எங்கே?

பயிற்சியின் தரம் எப்படி இருந்தது என்று கேட்க நீங்கள் கொழும்பிலிருந்து இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறீர்கள். கான்ஸ்டபிள் ஸலீமின் வக்கீல் நீங்கள்; அவன் மேன்முறையீட்டுக்கு அது வேண்டும் என்கிறீர்கள். சரியான ஆளிடம்தான் வந்தீர்கள். இங்கே கான்ஸ்டபிள்களுக்கு ரைபிள் பழக்கிய சார்ஜன் பத்மநாதன் நான்தான். இப்போது சப் இன்ஸ்பெக்டராக்கி விட்டார்கள். ஊர் யாழ்ப்பாணம் என்றாலும் இந்தக் குளிர் உடம்போடு ஒட்டிவிட்டது. கட்டளை இல்லாமல் ஒரு தோட்டத்துப் பெண்ணைச் சுட்டுக் கொன்றான் என்று ஸலீம் சிறையில் இருக்கிறான். அவன் வெளியே வருவதும் உள்ளேயே கிடப்பதும் என் வாயில் இருக்கிறது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால் அவசரப்படாமல் சொல்கிறேன்.

முன்பெல்லாம் உண்மையான ரவை போட்டுத்தான் பழக்கினோம். பட்டணத்துக்கு வெளியே ஒரு புல்மேட்டில் மண் அணை எழுப்பி, அதன் முன்னால் பலகை நட்டுச் சுடுவோம். பையன்கள் சுடுவதைப் பார்த்தால் உங்களுக்கும் சிரிப்பு வந்திருக்கும். சேர்ந்த புதிதில் பேருக்கு நாலு வெடி வைத்துவிட்டு வந்தவர்கள். விசையை இழுக்கிற நேரம் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்வார்கள். தோளில் உதைக்கும் என்ற பயத்தில் துவக்கின் வாய் தானாக மேலே போய்விடும். பலகையில் ஒரு கீறல்கூட விழாது. அப்படித்தான் ஒரு நாள் ஒரு ரவை அணையைத் தாண்டிப் போய், மேலே மலையில் தொழிலாளர் குடியிருந்த லயத்தின் தகரக் கூரையைத் துளைத்து, அடுப்பில் இருந்த சோற்றுப் பானையை உடைத்தது. பானைக்காரி வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தோட்டத்தை நடத்துகிற துரைதான் ஏ.எஸ்.பி.யிடம் வந்து குதித்தார். வெடிச்சத்தம் கேட்டால் பெண்டுகள் கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிறார்களாம், கொழுந்து குறைகிறதாம்.

ஏ.எஸ்.பி. என்னைக் கூப்பிட்டு, இனி ரவை போடாமல் பழக்கு என்றார். எவ்வளவு காலத்துக்கு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். தியத்தலாவையில் இராணுவம் சுட்டுப் பழகுகிற திடல் இருக்கிறது. பையன்களை அங்கே கூட்டிப்போக அனுமதி கேட்டிருக்கலாம். அதையும் செய்யவில்லை. உள்ளதைச் சொன்னால், ரவை இல்லாத பயிற்சி எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

வெறும் துவக்கு உதைக்காது. உதைக்காவிட்டால் யாரும் கண்ணை மூடமாட்டான், தோளைச் சுளிக்கமாட்டான். நேற்று வரைக்கும் கோழி பிடிக்கிறவர்கள் மாதிரி நின்ற பையன்கள் ஒரே மாதத்தில் சிப்பாய்கள் ஆகிவிட்டார்கள். "எய்ம்" என்றால் எல்லாத் துவக்கும் ஒரே கையாக எழும். அதன் பிறகு "பயர்" என்று கத்துவதுதான் முறை. ஆனால் அந்தச் சொல் எனக்குத் தொல்லையாக இருந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள் ஒருவன் இழுப்பான், முடித்த பிறகு இன்னொருவன் இழுப்பான். விசை விழுகிற சத்தம் டிக், டிக் என்று சிதறிப்போகும். ஆகவே அந்தச் சொல்லையே தூக்கிவிட்டேன். "எய்ம்" என்றதும் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். மூன்றில் இழுக்க வேண்டும். எண்ணும் வேகத்தைக் கைதட்டிக் கைதட்டிப் பழக்கினேன். கடைசியில் எல்லா விசையும் ஒன்றாக விழுந்தது. பெட்டிப் பூட்டு விழுகிற மாதிரி ஒரே ஒரு டிக்.

அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டதில்லை. கேட்டால் என்னை இப்படிப் பார்க்கமாட்டீர்கள். கொழும்பிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர் அணிவகுப்பில் அதைக் கேட்டுவிட்டு, இன்னொரு முறை, இன்னொரு முறை என்று செய்து காட்டச் சொன்னார். துவக்குக்குள் ரவை போட்டு எத்தனை காலமாயிற்று என்று அவர் கேட்கவில்லை. பதுளைப் பொலிஸின் துவக்குப் பயிற்சி முதல்தரம் என்று அன்றைக்குப் பேர் வாங்கினோம்.

ஸலீம்தான் என் நல்ல மாணவன். பதுளைக் கடைத்தெருவில் தையல்காரர் ஒருவரின் மகன். கைப்பிடி அசையாது. ஒரே ஒரு குறை, அவனுக்கு மனசுக்குள் எண்ண வராது, உதடு அசையும். "என்னடா ஸலீம், ஓதுறியோ?" என்று நான் கேட்டால் மற்றவர்களோடு சேர்ந்து அவனும் சிரிப்பான். அவன்தான் ஒரு நாள் பயிற்சி முடிந்து துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டான்.

"சார்ஜன், நெசமா ரவ போட்டுக்கிட்டு ஆளுங்களுக்கு முன்னால நிக்கிறப்போ எப்படி? அப்பவும் எண்ணணுமா?"

"அப்ப நான் சொல்லுவன்" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டுத் துடைக்கத் தொடங்கினான். என் பேச்சில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

லுணுகலைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் அந்த நாள் வந்தது. நல்லையா என்ற தொழிலாளி காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் கணக்கப்பிள்ளையை எதிர்த்துப் பேசிவிட்டான். துரை அவன் பேரை வெட்டி, குடும்பத்தோடு லயத்தை விட்டுப் போகச் சொல்லிவிட்டார். சட்டி பானையை ஏற்றிக்கொண்டுபோய்த் தெருவில் இறக்க ஒரு லொறியும் வந்தது. சனம் வேலைக்குப் போகாமல் லொறிக்கு முன்னால் பாதையில் உட்கார்ந்துவிட்டது. துரை டெலிபோனை எடுத்தார். இன்ஸ்பெக்டர் ஒரு வழக்குக்காக வெலிமடை போயிருந்தார். ஸலீமையும் மூன்று சிங்களப் பையன்களையும் கூட்டிக்கொண்டு நான் போனேன். மலையில் மூட்டமாக இருந்தது, ஒன்றும் தெரியவில்லை என்று பிறகு சிலர் சாட்சி சொன்னார்கள். என்னைக் காப்பாற்ற நினைத்துச் சொன்ன பொய் அது. அன்றைக்கு நல்ல வெயில். எல்லாம் தெரிந்தது.

தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ரெங்கசாமி எழுந்து, தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஐயா, நாங்க சண்டைக்கு வரலிங்க. பச்சப்புள்ளய வச்சிக்கிட்டு அவன் எங்கங்க போவான்? தொர வந்து ஒரு வார்த்த பேசட்டும். நாங்க எந்திரிச்சிப் போயிடுறோம்."

"பாதையை விடுங்கோ. பிறகு பேசலாம்."

"பொறகுன்னா எப்பங்க? லொறி போயிட்டா அந்த வீட்டுல வேற ஆள வச்சிடுவாங்களே."

நியாயமான பேச்சு. துரை காருக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் இல்லாதவன் செய்கிற வேலையை நான் செய்தேன். பையன்களை வரிசையில் நிறுத்தி ரவை போடச் சொன்னேன்.

"சுடுறதுக்கில்லை, பயங்காட்டத்தான். ஆக்களின்ரை தலைக்கு மேலாலை பிடியுங்கோ" என்றேன். மற்ற மூவருக்கும் அதையே சிங்களத்தில் சொன்னேன்.

யாழ்ப்பாணத்தில் தலைக்கு மேலே ஆகாயம்தான் இருக்கும். இங்கே ஒருவரின் தலைக்கு மேலே இன்னொருவரின் கால் இருக்கும். பாதையில் உட்கார்ந்திருந்த சனத்துக்குப் பின்னால் தேயிலை மலை நிமிர்ந்து நின்றது. பிள்ளைகளை வைத்திருந்த பெண்கள் பாதையை விட்டு விலகி அந்த மலையில் ஏறி நின்றார்கள்.

எய்ம் என்றேன்.

நாலு துவக்கும் வெடித்தன. மலையில் நின்ற ஒருத்தி தேயிலைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் ரெங்கசாமியின் மனைவி பெரியாயி. அவர் மலையில் ஏறிப் போய்ச் சேருவதற்குள் அவளுக்கு உயிர் இல்லை.

விசாரணையில், சுடச் சொல்லிக் கட்டளை கொடுத்தாயா என்று என்னைக் கேட்டார்கள். இல்லை, எய்ம் என்று மட்டும் சொன்னேன் என்றேன். சனத்தையும் துரையையும் கேட்டார்கள். அவர்களும் அதையே சொன்னார்கள். தலைக்கு மேலே பிடிக்கச் சொன்னாயா என்றார்கள். சொன்னேன் என்றேன். எல்லாம் உண்மை. மற்ற மூன்று பையன்களும், எப்படி வெடித்தது என்றே தெரியாது, ஆகாயத்தைப் பார்த்துத்தான் பிடித்திருந்தோம் என்று சொல்லித் தப்பிக்கொண்டார்கள். ஸலீம் மட்டும், நான் பிடித்த இடத்தில்தான் அந்த அம்மா விழுந்தார் என்று சொல்லிவிட்டான். எண்ணிக்கையைப் பற்றியும் சொன்னான். அப்படி ஒரு முறை எந்தப் பொலிஸ் புத்தகத்திலும் இல்லையே என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இல்லை என்றேன். அதுவும் உண்மைதான்.

சிறைக்குக் கொண்டுபோவதற்கு முன்பு அவனைப் பொலிஸ் கூட்டில் போய்ப் பார்த்தேன். அவனிடம் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்க நிப்பாட்டுவீங்கன்னு பாத்துக்கிட்டேதான் எண்ணினேன் சார்ஜன்" என்றான்.

"நான் எய்ம் எண்டுதானே சொன்னனான்" என்றேன்.

அவன் மனைவி ஜெமீலா கைப்பிள்ளையோடு வீட்டுக்கு வந்தாள். "அவருக்குப் பழக்கினது நீங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா விட்டுருவாங்க" என்றாள். பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினேன். அவள் படியிறங்கிப் போன பிறகு சாப்பிட உட்கார்ந்தேன். சோறு இறங்கியது. அதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த நேரத்தில் மறந்துவிட்டேன் என்றுதான் வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சனத்தின் கூச்சல், துரையின் பார்வை, பதற்றத்தில் எண்ணிக்கை ஞாபகம் வரவில்லை என்று. மலையின் உயரமும் ஊர்ப் பழக்கத்தில் மறந்துபோயிற்று என்று. சோற்றுப் பானை உடைந்த கதை தெரிந்தவன் மலையை எப்படி மறப்பான்? நீங்கள் கேட்காவிட்டாலும் நானே சொல்கிறேன். எதையும் நான் மறக்கவில்லை.

எய்ம் என்ற சொல் வாயை விட்டுப் போனதுமே எனக்கு நினைவு வந்துவிட்டது. ஸலீமின் உதடு அசைந்தது. ஒன்று. அவனுடைய ஓரக்கண் என் பக்கம் வந்து நின்றது. நான் சொல்லுவேன் என்று காத்திருந்தான். இரண்டு. அவன் துவக்கின் வாய்க்கு நேரே, மலையில், ஒருத்தி வெயிலுக்கு நெற்றியில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தபடி நின்றாள். அவளை நான் கண்டேன். நில் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். மூச்சு என்னிடம் இருந்தது. ஆனால் இத்தனை காலமும் வெறும் விசைச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தவன் நான். ரவையோடு சுட்டால் எப்படி விழும், சிதறுமா, ஒன்றாக விழுமா என்று ஒரு தடவையாவது கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

ஒன்றாகத்தான் விழுந்தது. மலை முழுக்க ஒரே சத்தம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரெங்கசாமி பெண்சாதியின் பேரைச் சொல்லிக் கத்தும் வரைக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆகவே ஸலீமை விட்டுவிடச் சொல்லுங்கள். பெரியாயியைக் கொன்றவன் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே போடுகிறேன். எழுதும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: பயர் என்ற சொல் என் வாயிலிருந்து வரவேயில்லை.