பாஸ்வேர்டு சரிதான், திறக்கவில்லை

நடுவட்டம் தாண்டி ஊட்டிக்கு ஏறிக்கொண்டிருந்த பேருந்தில், என் முன் இருக்கையில் எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர். பக்கத்தில், அந்த ஆஸ்பத்திரிக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவர்.

“ஏனுங்க, பாஸ்வேர்டும் சரி, நோயாளிங்க விவரம் வெச்ச ஃபைலும் இருக்குது. அப்புறம் ஏன் திறக்க மாட்டேங்குது?”

“ஃபைலைத் திறக்கற சாவியை பாஸ்வேர்டுல இருந்து செய்யறதுக்கு, மத்தவங்க ரெடியா எழுதி வெச்ச லைப்ரரியில ஒரு ஃபங்ஷன் இருந்துச்சுங்க. அது பழசு, சுலபமா உடைச்சிடலாம்னு அவங்க புது வெர்ஷன்ல எடுத்துட்டாங்க. நான் தெரியாம அப்டேட் பண்ணிட்டேன்.”

“யாருக்கு என்ன மருந்துன்னு நேத்தெல்லாம் நோயாளிங்களையே கேட்டுத்தான் குடுத்தேன். பயமா இருக்குதுங்க.”

“ஊட்டியில என் பழைய கம்ப்யூட்டர்ல அந்த ஃபங்ஷன் இன்னும் இருக்குதுங்க. நீங்க ஃபைலைப் போட்டுக் கொண்டுவந்த பென் டிரைவை அதுல போட்டுத் திறந்து, புது முறையில பூட்டிக் குடுத்துடறேன்.”

“எடுக்கப் போறோம்னு அவங்க முன்னாடியே சொல்லலைங்களா?”

“புரோகிராமை ஓட்டிப் பாக்கறப்பெல்லாம் எச்சரிக்கை வந்துட்டேதானுங்க இருந்துச்சு.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“எச்சரிக்கை வராம இருக்க ஒரு வரி சேத்துட்டேன்.”

நர்ஸ் ஜன்னலை இழுத்து மூடினார்.

“எங்க எஸ்டேட் லைன் வீட்டுத் தொழிலாளிங்களும் அப்படித்தானுங்க. புண்ணைக் காட்டவே மாட்டாங்க. வலி தெரியாம இருக்க மட்டும் மாத்திரை கேப்பாங்க.”