ஆலாத் திட்டு

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்திவிட முடியுமா? வேர்த்தால் பரவாயில்லை. அதன் கடகடப்பில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. இருபத்திரண்டு வருஷம் சத்தமே இல்லாத இடத்தில் வேலை பார்த்தவன் நான். நடந்துகொண்டே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் சரணாலயக் காவலர். ஆறு கடலில் சேருகிற இடத்தில், சேற்றுக்கு நடுவே ஒரு மணல்திட்டு இருக்கிறது. இரண்டு பள்ளிக்கூட மைதானம் அளவுதான். ஆலா என்ற கடற்பறவைகளில் ஒரு வகை, வேறெங்கும் போகாமல், அந்தத் திட்டுக்கு வந்துதான் முட்டையிடும். கூடு என்று பெரிதாக எதுவும் கட்டாது. மணலில் சின்னதாக ஒரு குழி, அதில் இரண்டு முட்டை, அவ்வளவுதான். வெயில் நேரத்தில் தாய் எழும்பிப் போனால் பத்து நிமிஷத்தில் முட்டை வெந்துவிடும். அதனால் அங்கே முதல் விதி, சத்தம் கூடாது. தும்மல் வந்தால்கூட மூக்கைப் பொத்திக்கொண்டு படகுக்குள் குனிந்துவிடுவேன். அந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. "ஏங்க குசுகுசுன்னே பேசறீங்க, நாம என்ன திருடவா வந்திருக்கோம்?" என்று என் மனைவி கேட்பாள்.

அவளுடைய தம்பிதான் ரேடியோ. வாய் ஓயாமல் பேசுவான் என்பதால் அந்தப் பெயர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான்தான் சிபாரிசு செய்து அவனைப் படகோட்டியாகச் சேர்த்துவிட்டேன். நல்ல பிள்ளை. எனக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து நங்கூரம் தூக்குவது, டீசல் கேன் சுமப்பது எல்லாம் அவன்தான். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆலாக்கள் வரவில்லை.

முதலில், பருவம் தள்ளிப்போகிறது என்று நினைத்தேன். தினமும் தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு போனேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வராது. விடிவதற்குள் நாலு தடவை எழுந்து வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பேன். பருவம் முடிந்தது. ஒன்றுகூட வரவில்லை. மாதக் கடைசியில் பதிவேட்டை அனுப்ப வேண்டும். பூஜ்யம் என்று எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சரணாலயம் என்ற பெயரை எடுத்துவிட்டு, அங்கே கப்பல் துறை கட்ட ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருஷம் அவை திரும்பி வந்தால் எங்கே இறங்கும்? யாராவது அதை யோசிக்க வேண்டாமா? முந்தின வருஷம் ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு குழிகள். நான் ஆயிரத்து நூற்று நாற்பது என்று எழுதினேன். அடுத்த வருஷமும் அவை வரவில்லை, எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டினேன். பருவத்தில் திட்டின் பக்கம் என்னைத் தவிர யாரும், ரேடியோகூட, போகக் கூடாது என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இந்த வருஷம் ஒரு புது அதிகாரி வந்தார். சின்ன வயசு அம்மா, சுறுசுறுப்பானவர். எண்ணிக்கை மட்டும் போதாது, ஒவ்வொரு குழிக்கும் போட்டோ வேண்டும் என்றார். எனக்கு முழங்கால் வலி என்று சொல்லித் தள்ளிப்போட்டேன். அங்கேதான் தப்புச் செய்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ரேடியோ, "மாமா எதுக்கு கஷ்டப்படணும் மேடம்? நாளைக்கு மத்தியானம் தண்ணி வடிஞ்சதும் நானே போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டான்.

படகுத்துறையிலிருந்து திட்டுக்குப் போகச் சேற்றில் ஒரே ஒரு கெட்டியான தடம் உண்டு. இரண்டு பக்கமும் குறிக்கம்புகள் நட்டிருப்போம். கம்புக்கு வெளியே கால் வைத்தால் ஆளை உள்ளே இழுக்கும் உளைச்சேறு. மறுநாள் காலையில் நான் அந்தக் கம்புகளை இடம் மாற்றினேன். சேறு நகர்வதால் வருஷா வருஷம் மாற்றுவதுதான். இந்த வருஷம் சேறு நகரவில்லை. கம்புகள் முன்பு நட்டிருந்த குழிகளை உங்கள் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னீர்கள். நல்ல வேலைக்காரர்கள்.

மத்தியானம் அவன் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினான். நான் காவல்படகில், நாற்பதடி தள்ளி, வாய்க்காலில் நின்றேன். பாதி வழியில் தொடை வரை இறங்கிவிட்டான். முதலில் சிரித்தான்.

"மாமா, மாட்டிக்கிட்டேன்! கயிறு போடுங்க!"

நான் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். "கத்தாதே. பறவை எழும்பிடும்."

அவன் திரும்பித் திட்டைப் பார்த்தான். அங்கிருந்து பார்த்தால் திட்டு முழுவதும் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எந்தப் பறவை மாமா?"

தண்ணீர் ஏறினால் சேறு இளகிவிடும், தானாக மேலே வந்துவிடுவாய், அசையாமல் பேசாமல் இரு என்றேன். அவன் என்னை நம்பினான். பன்னிரண்டு வருஷத்தில் அவன் அவ்வளவு நேரம் வாய் திறக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. கடல் தண்ணீர் மெல்ல ஏறியது. இடுப்பு, பிறகு மார்பு. கேமரா நனையக் கூடாதென்று தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டான். ஒரே ஒரு தடவை, என்னைப் போலவே குசுகுசுத்த குரலில், "அக்காகிட்ட சொல்லிடாதீங்க மாமா, பயந்துடுவா" என்றான்.

கயிறு என் காலடியில்தான் இருந்தது. அறுபதடிக் கயிறு. விசிலும் கழுத்தில் இருந்தது. ஊதியிருந்தால் துறையிலிருந்து ஆட்கள் ஐந்தே நிமிஷத்தில் வந்திருப்பார்கள். நான் ஊதவில்லை. கேமரா கடைசியாகத்தான் முழுகியது. என் மச்சினனை நான்தான் கொன்றேன். இதில் வேறு யாருக்கும் பங்கில்லை, வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன்.

ஒன்று மட்டும் விடுபட்டுவிடக் கூடாது. தண்ணீர் அடங்கி, எங்கும் ஒரு சத்தமும் இல்லாமல் ஆன பிறகு, கடல் பக்கமிருந்து ஒரு ஜோடி ஆலா வந்து திட்டில் இறங்கியது. என் கண்ணால் பார்த்தேன். உங்கள் ஆட்களை அங்கே அனுப்பாதீர்கள். போனால் ஒன்றும் தெரியாது. ஆள் நடமாட்டம் இருந்தால் அவை எழும்பிவிடும்.