இரண்டாவது ரயில்

எனக்கு ரயில் வரைய வராது. நான் வரைந்து காட்டிய முதல் ரயிலைப் பார்த்துவிட்டு, எங்கள் ஆய்வுக்கூடத்தில் படம் போடும் பெண், "சோப்பு டப்பாவுக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்கு. நீ புரோகிராம் மட்டும் எழுது சாமி, போதும்" என்று கும்பிட்டாள். அதனால் படங்கள் அவளுடையவை, மற்றதெல்லாம் என்னுடையது. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம். அவளை இதில் இழுக்க வேண்டாம்.

நான் கணினிப் படிப்பில் மூன்றாம் வருட மாணவன். கல்லூரியிலேயே பகுதிநேர வேலை. பள்ளிப் பிள்ளைகளுக்குப் போக்குவரத்துப் பாதுகாப்பைச் சொல்லித்தரும் இணைய விளையாட்டுகள் செய்ய வேண்டும். சாலையைக் கடப்பது, ஹெல்மெட் மாட்டுவது, பஸ்ஸில் ஏறுவது எல்லாம் நான் சேருவதற்கு முன்பே முடிந்திருந்தன. என் பங்குக்கு வந்தது ரயில்வே கேட். கேட் மூடும், ரயில் போகும். கேட் திறக்கும்வரை பொறுக்காமல் குனிந்து நுழைந்தால், எதிர்த் தண்டவாளத்தில் இன்னொரு ரயில் வரும். பிள்ளைகள் ஓட்டும் முயல் பொம்மையின் ஆட்டம் அதோடு முடிந்தது. அந்த இரண்டாவது ரயில்தான் பாடமே.

பேராசிரியர் இரண்டு பள்ளிகளில் ஒரு மாதம் சோதித்துப் பார்க்கச் சொன்னார். ஒன்றில் இந்த ஆட்டம், மற்றதில் பாடம் இல்லாத வெறும் ஆட்டம். வாராவாரம் இரண்டு பள்ளிக்கும் ஒரே கேள்வித்தாள். மதிப்பெண்ணில் வரும் வித்தியாசம்தான் எங்கள் ஆட்டத்தின் பலன். ஆய்வென்றால் இப்படித்தான் செய்வார்கள், இதில் விஷமம் ஒன்றுமில்லை. வேறு ஆட்டம் எழுதச் சோம்பல்பட்டு, அதே ஆட்டத்தில் இரண்டாவது ரயிலை மட்டும் நிறுத்திவைத்தேன். ஒரே ஒரு வரியில் முடிகிற வேலை.

முதல் வாரம் பார்த்தால் வித்தியாசமே இல்லை. வெறும் ஆட்டம் கொடுத்த இரண்டாவது பள்ளி தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் தினமும் நிஜக் கேட்டில் நின்று பழகியவர்கள், ஆட்டத்திலும் நின்றார்கள். பேராசிரியரின் முகம் சுண்டிப்போனது.

"வித்தியாசம் வரலேன்னா அடுத்த வருஷம் இந்த வேலையே இருக்காதுப்பா. உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றார்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஜன்னலோரம் மேசை, கிறீச்சிடாத நாற்காலி, யாரும் அதட்டாத ஒரு அறை. வீட்டில் எனக்கு இது எதுவும் கிடையாது.

ஆட்டத்தை இன்னும் நன்றாகச் செய்திருக்கலாமே என்பீர்கள். முதல் பள்ளியில் ஏற்கெனவே பத்துக்கு ஒன்பது வாங்கினார்கள், அதற்கு மேல் எங்கே ஏற்றுவது? நாம் உயரமாகத் தெரிய, பக்கத்தில் நிற்பவரைக் கொஞ்சம் குனியச் சொன்னாலும் போதும். அதனால் இரண்டாவது பள்ளிக்கு மட்டும் ஒரு மாற்றம் செய்தேன். கடைசிப் பெட்டி போனதும் ஓடினால் ஐம்பது புள்ளி, கைதட்டல். நின்றால் நொடிக்கு இரண்டு புள்ளி கழிவு. மாதம் முடிந்ததும் எல்லோருக்கும் சரியான ஆட்டத்தைக் கொடுத்துவிடுவதாகவே இருந்தேன். நாள்கூடக் குறித்துவிட்டேன், நான்காவது வாரம் முடிந்து வரும் திங்கட்கிழமை.

மூன்றாவது வார முடிவில் அந்தப் பள்ளியின் மதிப்பெண் பத்துக்கு ஐந்தாக இறங்கியிருந்தது. பேராசிரியர் என் தோளில் தட்டினார். எப்படி வந்தது என்று கேட்கவில்லை. படம் போடும் பெண்தான் கேட்டாள்.

"அந்த ரெண்டாவது ரயிலை வரைய எனக்கு மூணு நாள் ஆச்சு. அந்த ஸ்கூல்ல அது ஓடவே இல்லையே, ஏன்?"

"திங்கட்கிழமை ஓடும்" என்றேன்.

அந்தத் திங்களுக்கு முந்தைய வியாழக்கிழமை, பள்ளி விட்டதும், மூன்றாம் வகுப்புப் பெண் குழந்தை ஒருத்தி கேட்டுக்கு அடியில் குனிந்து போனாள். ஒரு ரயில் அப்போதுதான் போயிருந்தது. மற்றது எதிர்ப்பக்கம் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தேவை இருக்கவில்லை என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

பிள்ளைகளின் பெயரை எங்களுக்குத் தரமாட்டார்கள், ஆளுக்கொரு விலங்குப் பெயர்தான். அவள் ஆமை. மறுநாள் அட்டவணையிலிருந்து ஆமையின் வரியை நீக்கினேன். பாதியில் விட்டுப்போன பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. வருத்தமாக இல்லையா என்று கேட்டீர்கள். அன்று மதியம் பசித்தது, சாப்பிட்டேன். அழுகை வரும் என்று நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உள்ளே எல்லாம் மரத்துக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

பிள்ளைகள் விளையாட்டையும் நிஜத்தையும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது பொய். விளையாட்டில் படிவது நிஜத்திலும் கூட வரும் என்பதால்தானே எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஆமை லேசில் மசியவில்லை. புள்ளி பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் கேட் திறக்கும்வரை நின்றாள். அவளைப் பார்த்துப் பக்கத்துப் பிள்ளைகளும் நின்றார்கள். மூன்றாவது வாரம் நானே பள்ளிக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ரயில்தான் போயிடுச்சே, இன்னும் எதுக்கும்மா நிக்கிற?"

"கேட் திறக்கலையே அண்ணா."

"அது மெதுவாத்தான் திறக்கும். நீ ஓடு."

ஓடினாள். கைதட்டல் வந்தது. சிரித்தாள், முன்பல் ஒன்று விழுந்திருந்தது. பிறகு மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நெஜ கேட்லயும் இப்படி ஓடலாமா அண்ணா?"

கூடாது என்று சொல்லியிருந்தால், ஆட்டத்தில் மறுபடி நின்றிருப்பாள்.

"ஓடலாம்மா" என்றேன்.